கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை

என் மூக்கின் இடது பக்கம் ஒரு மிளகு உட்காரும் அளவுக்குக் குழி இருக்கிறது. கோலார் தங்க வயலில் ஓர் ஆம்பிளையின் முகத்தில் குழியோ தழும்போ இருந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். சுரங்கத்தில் கல் தெறித்திருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, மரியாதையோடு டீ வாங்கித் தருவார்கள். நானும் அப்படிப் பல டீ குடித்திருக்கிறேன். உண்மையில் நான் பூமிக்கு அடியில் வேலை செய்தவனே இல்லை. ஷாஃப்டு என்கிற சுரங்கக் குழிக்கு மேலே இன்ஜின் ரூமில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை ஓட்டியவன். இந்தக் குழி எனக்குச் சின்னம்மை போட்டதில் வந்தது. குழந்தைகளுக்கு வருகிற வியாதி, கல்யாணமாகி ஒரு பெண்ணுக்கு அப்பாவான பிறகு எனக்கு வந்தது.

இப்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கை சும்மா இருக்கிறது. போன மாதம், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லைனில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அந்த வீட்டு மருமகளுக்கு மூச்சு வாங்குகிறது என்று அவள் மாமியார் என்னைத் தேடி வந்து, "அம்மா வந்த ஒடம்புக்கு ஊசி போடலாமா தம்பி? நீ போட்டுக்கினவனாச்சே" என்று கேட்டார். போடலாம், உடனே இட்டுக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதை எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு லைன் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல், நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் என் மனைவி கஸ்தூரியும் மகள் செல்வியும். அந்தப் பக்கம் என் மாமியார். மாமனார் தவறிய பிறகு எங்களோடு வந்துவிட்டார். நான் அவரை அத்தை என்றுதான் சொல்வேன். அதுவும் அவர் காதுபடச் சொன்னதில்லை. அவர்கள் வழக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் வந்து நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. ஏதாவது சொல்லவேண்டுமானால் கதவுக்குப் பின்னாலிருந்து செல்வியிடம் சொல்வார். "செல்வி, ஒங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு." நான் ஓர் எட்டு தள்ளி உட்கார்ந்திருப்பேன். செல்வி வந்து அதையே மறுபடி ஒருமுறை என்னிடம் சொல்லுவாள். நானும் செல்வியிடமே பதில் சொல்லுவேன். கூத்து மாதிரி இருந்தாலும் எங்களுக்கு அது பழகிவிட்டது. கூட்டாளிகள்கூட, "ஒம் மாமியாருக்கு இன்னாப்பா, வாயே தொறக்காது, குடுத்து வச்சவன்" என்று கிண்டல் பண்ணுவார்கள். ஒரே கூரைக்குக் கீழே அத்தனை வருஷம் இருந்தும் அத்தையின் முகத்தை நான் முழுசாகப் பார்த்ததில்லை. தலையில் முக்காடு, கையில் வளையல், வாசலைத் தாண்டி மறையும் ஒரு சேலை முனை, இவ்வளவுதான் எனக்கு அத்தை.

அந்த மார்கழியில் குளிர் அதிகம். விடிந்து வெகுநேரம் ஆகியும் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேடு பனியில் தெரியாது. முதலில் குழாயடிக்கு எதிர் வீட்டில் வேப்பிலை கட்டினார்கள். அடுத்த வாரம் அந்த வரிசை முழுக்கப் பச்சை பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி. வேப்பிலை கட்டிய வீட்டுக்காரர்கள், மற்றவர்கள் எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் குழாயடிக்கு வரவேண்டும். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் அன்றைக்கு வருமோ வராதோ என்றிருக்கும் ஊரில் அது பெரிய தண்டனை. எந்த வீட்டிலும் தாளிப்பு வாசனை கிடையாது. கடுகு வெடித்தால், எண்ணெய் காய்ந்தால் அம்மனுக்கு ஆகாது. விருந்தாளி வரக்கூடாது, பிச்சை போடக்கூடாது, தலை சீவக்கூடாது. மாலையானால் வழக்கமாக நாலு பேர் உட்கார்ந்து சுரங்கத்தை மூடப்போகிறார்களாமே என்று பேசுகிற இடத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

செல்விக்கும் அம்மை போட்டது. வயிற்றில் முதல் முத்தைப் பார்த்ததும் அத்தை கதவுக்குப் பின்னால் இருந்து கஸ்தூரியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "நீ இங்க இருக்காத. இப்பவே கெளம்பு." கஸ்தூரி அப்போது ஏழு மாதம். அவளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதே இல்லை. கர்ப்பிணிக்கு இது வந்தால் அவளுக்கும் ஆபத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டரும் சொன்னார். பங்காருபேட்டையில் இருக்கிற என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ரயிலடியில் அவள் அழுதாள். "அம்மாவும் நீங்களும் எப்படிங்க ஒரே வீட்ல? பேச்சு வார்த்தைகூட கெடையாதே" என்றாள். "செல்வி இருக்காளே" என்று நான் சிரித்தேன். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டது என்ற தைரியம். அது எனக்கில்லை, என் அண்ணனுக்கு என்று பிறகு தெரிந்தது. எங்கள் இரண்டு பேரையும் ஒரே பாயில் படுக்கவைத்திருந்தாராம் அம்மா. யாருக்கு வந்தது என்பதே குடும்பத்தில் குழம்பிப்போயிருந்தது.

செல்விக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவள் ஓடியாட ஆரம்பித்த பிறகு, ஒருநாள் ஷிப்டில் எனக்கு உடம்பு அடித்துப்போட்டாற்போல இருந்தது. மணி அடித்ததும் கேஜை எடுக்க வேண்டும்; என் கை லீவரில் நடுங்கியது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். பயந்துபோய் ரிலீஃப் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சட்டையைக் கழற்றினால் மார்பெல்லாம் முத்து. மறுநாள் முகம், தலை, வாய்க்குள், சொல்லத் தகாத இடங்களிலும்.

இங்கேதான் எனக்கு முதல் வெட்கம் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் அம்மை போட்டவரை நோயாளியாகப் பார்ப்பதில்லை. உடம்பில் அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்றுதான் நடத்துவார்கள். அதனால் அன்றுவரை கதவுக்குப் பின்னால் இருந்த அத்தை, நான் படுத்ததும் கதவைத் தாண்டி வந்தார். முக்காடு இல்லை. முன்னறையில் வெள்ளை வேட்டி விரித்து வேப்பிலை பரப்பி என்னைப் படுக்கவைத்தார். என் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே, கொஞ்சம் கூழு குடிக்கிறியா தாயே?"

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. தாயே என்றது என்னைத்தான். மருமகனைப் பார்க்கத்தான் அவருக்குத் தடை. அம்மனைப் பார்க்க என்ன தடை? அத்தனை வருஷமாகச் செல்வி வழியாக மட்டும் வந்த குரல், என் காதுக்குப் பக்கத்தில் வந்து, நீ, வா, போ என்று உரிமையோடு பேசியது. "சொறியாத தாயே. தோ, வேப்பலயால தடவி உடறேன்." ராகிக் கூழைக் கரைத்து வாயில் ஊற்றினார். இளநீர் கொடுத்தார். அப்போதுதான் அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். கன்னம் முழுக்கப் பள்ளம் பள்ளமாகப் பெரியம்மைத் தழும்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில் இருக்கிற மனுஷிக்கு முகம் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே இல்லை. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "சின்னதும் வந்துகீது, பெரிசும் வந்துகீது எனக்கு. என்ன ஒண்ணும் பண்ணாது" என்று சிரித்தார்.

லைன் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்று கும்பிட்டார்கள். என்னோடு வேலை பார்க்கிறவனின் மனைவி, போன தீபாவளிக்கு என்னிடம் வாய்ச்சண்டை போட்டவள், ஒரு செம்பு மோரை வைத்துவிட்டுத் தரையில் விழுந்து கும்பிட்டு, "என் புள்ளைங்கள காப்பாத்து தாயே" என்றாள். உதடு வீங்கி, கண் இடுங்கி, இடுப்பில் ஒரு துண்டோடு கிடக்கிறேன் நான். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் என்றால், முத்து உடைந்துவிடும் என்று அத்தை விடமாட்டார். ஆசீர்வாதம் பண்ணுவது மாதிரி கையைத் தூக்கினேன். வேறு என்ன செய்வது?

அப்புறம் இருமல் வந்தது. முதலில் லேசாக. பிறகு பேசினால் மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு வரவில்லை. உட்கார்ந்தால் கொஞ்சம் வந்தது. ஒரு மத்தியானம் செல்வி என் பக்கத்தில் வந்து, "அப்பா ஒதடு ஏன் பாட்டி நீலமா கீது?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். அத்தை கூடாது என்று தலையை ஆட்டினார். அம்மா வந்த உடம்பில் ஊசி படக்கூடாது. பட்டால் கோபித்துக்கொண்டு உயிரையே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்கு அதை எல்லாம் எதிர்த்துப் பேச மூச்சு இல்லை. சாகப்போகிறேன் என்று அப்போது நிச்சயமாக நினைத்தேன். கஸ்தூரியின் வயிற்றில் இருக்கும் பிள்ளை என்னைப் பார்க்காமலே பிறக்கும் என்று நினைத்தேன். பயத்தில் அழுதேன். கண்ணீர் முத்துகள் மேல் பட்டு எரிந்தது.

அத்தை வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கற்பூரம் கொளுத்தினார். என் முன்னால் முட்டி போட்டு, என்னிடம்தான், ஆனால் எனக்கில்லாமல் பேசினார்.

"தாயே, எம் பொண்ணு மாசமா கீறா. நீ இந்த ஒடம்ப உட்டு எறங்கு. கோவம் இருந்தா எம்மேல வா. எனக்கு வயசாயிடுச்சி, நான் தாங்குவேன். இந்த ஒடம்ப நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். தப்புன்னா என்ன கேளு."

கற்பூரம் அணைந்ததும் வாசலில் கட்டியிருந்த வேப்பிலையை அவரே அவிழ்த்தார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் தாஸைக் கூப்பிட்டு, "வண்டிய எடு தாசு" என்றார். செல்வியைத் தாஸின் மனைவியிடம் விட்டார். வண்டியில் ஏறும்போது மறுபடி முக்காடு போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல் வெளியே திரும்பி உட்கார்ந்தார். அம்மன் இறங்கிவிட்டாள் என்று அதிலிருந்து எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு விடுகிறவன் இனி வெறும் மருமகன்.

ஆஸ்பத்திரியில் தனி வார்டு ஏற்கெனவே அம்மைக்காரர்களால் நிரம்பியிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டினார்கள். மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். எங்கள் ஊரில் மார்பு எக்ஸ்ரே என்றால் டாக்டர்கள் முதலில் சுரங்கத் தூசியைத்தான் தேடுவார்கள். "அண்டர்கிரவுண்டா?" என்று கேட்டார் டாக்டர். "இல்ல சார், வைண்டிங், மேல கேஜ் ஓட்டறேன்" என்றேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரல் முழுக்கக் கஞ்சி தெளித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள். வெளித்தோலில் போட்டிருப்பது போலவே உள்ளேயும் போட்டிருக்கிறது, அதனால் காற்று ரத்தத்தில் சேர முடியவில்லை, இதற்கு அம்மை நிமோனியா என்று பெயர் என்றார். குழந்தைகளுக்கு அபூர்வம், பெரியவர்களுக்கு, அதுவும் பீடி குடிப்பவர்களுக்கு வரும். நான் பீடி குடிப்பவன். அத்தைக்குக் கேட்கக் கூடாதே என்று திரும்பிப் பார்த்தேன். கேட்டுவிட்டது. வைரஸைத் தடுக்கிற மருந்தை பெங்களூரிலிருந்து வரவழைத்து ஏற்ற வேண்டும் என்றார். கூட்டாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அன்றைக்கே ஒருவனை ரயிலேற்றி அனுப்பினார்கள். என் முன்னால் வந்து கும்பிட்டாளே, அவள் புருஷன்தான் போனவன்.

ஊசி குத்தும்போது அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். குத்தி முடித்த பிறகும் நான் சாகாமல் இருப்பதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

சிஸ்டர் பெயரெழுத வந்தார். நடுவயசு, தடிக் கண்ணாடி, விறைப்பான குரல்.

"யாரும்மா நீங்க இவருக்கு? சம்சாரம் எங்க?"

"அவ மாசமா கீறா சிஸ்டர். இங்க வரக் கூடாது."

"வரவே கூடாது. அப்ப நீங்க யாரு?"

மாமியார் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் படுத்திருக்கிற வார்டில் மாமியாரை வைத்து என்ன செய்வது, நோயாளியின் அண்ணன் தம்பி யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்பார்கள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் திருப்பூரில். கூட்டாளிகள் எல்லோர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கின்றன. யாரை உள்ளே விடுவது? அத்தைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டு சொன்னார்.

"எம் புள்ள."

பொய் சொன்னதற்கு மறுநாள் காலையே மாட்டிக்கொண்டார். சிஸ்டர் ஒரு பாட்டிலில் ரோஸ் நிற லோஷனும் ஒரு கிண்ணியில் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து வைத்தார். நான் படுக்கையில் அசையக் கூடாது. அசைந்தால் மூச்சு முட்டுகிறது. வார்டில் ஆள் போதவில்லை. உதவிக்கு இருந்த பையன்களுக்கு அம்மை போட்டதில்லை என்று உள்ளே விடவில்லை.

"ஒடம்பு பூரா தொடச்சி இத தடவணும். இடுக்கு, தொட, எல்லா எடமும். உட்டா சீழ் பிடிச்சிடும். பெட்பேனும் நீங்கதான் வெக்கணும், சரியா?"

அத்தை நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னாம்மா முழிக்கிறீங்க? பெத்த புள்ளதானே, இன்னா வெக்கம்?" என்று சொல்லி, சிஸ்டர் கட்டிலைச் சுற்றித் துணித் திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

திரைக்குள் நாங்கள் இரண்டு பேர். வீட்டிலாவது ஒரு கதவு இருந்தது. வீட்டில் படுத்திருந்தபோது அம்மன் என்ற பெயராவது என் மேல் இருந்தது. இங்கே ஊசி பட்டுவிட்டது, அம்மன் போய்விட்டாள். உடம்பெல்லாம் புண்ணாக, மூத்திரம் போகக்கூட எழுந்திருக்க முடியாத ஓர் ஆம்பிளை கிடக்கிறான். எதிரே அவனுடைய மாமியார். என் வாழ்நாளில் அதுபோல் கூசிப்போய் நான் இருந்ததில்லை. செத்திருந்தால் இதற்குத் தேவலை என்றுகூடத் தோன்றியது. முந்தின நாள்தான் சாகப் பயந்து அழுதவன் நான்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறவன் போல மூச்சு விட்டேன்.

கிண்ணியில் துணியை நனைக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் நனைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சூடான துணி என் தோளில் பட்டது. பட்டதும் அத்தை பேச ஆரம்பித்தார். எனக்கு அல்ல. பெயர் சொல்லவில்லை, தாயே என்றும் சொல்லவில்லை. சுவரிடம் பேசினார்.

"கொயாயில நேத்து தண்ணியே வரலியாம். தாசு பொண்டாட்டி வந்து சொல்லிச்சி. வண்டித் தண்ணிக்கு அடிச்சிக்கினாங்களாம். நம்ம செவப்புக் கோழி அடைக்கு ஒக்காந்துகீது, இந்தக் குளுருல எத்தினி பொரிக்குமோ தெரியல. செல்வி அங்க நல்லா சாப்பிடுதாம். எங்கிட்ட இருந்தா மட்டும் அயும்..."

நிறுத்தவே இல்லை. துணி இறங்க இறங்க அவர் பேச்சு வேகமானது. துண்டை விலக்க வேண்டிய இடம் வந்தபோது, அவர் சின்ன வயதில் மாரிக்குப்பம் சுரங்கத்தில் ஓர் ஆடு கேஜுக்குள் ஏறிவிட்ட கதைக்கு வந்திருந்தார். ஆட்டைத் தேடி அதன் சொந்தக்காரி ஷாஃப்ட் வாசலில் மாரடித்து அழுததும், அது அடுத்த ஷிப்டு ஆட்களோடு சமர்த்தாக மேலே ஏறி வந்ததும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூங்குகிறவன் சிரிக்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அப்படித்தான். சிஸ்டர் திரையை இழுப்பார், நான் தூங்கிவிடுவேன், அத்தை சுவரிடம் பேசுவார். வேலை முடிந்ததும் அவர் எழுந்து போய் வராந்தாவில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். கொஞ்சநேரம் கழித்து நான் "விழித்துக்கொள்வேன்". கஞ்சி டம்ளர் கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி இருக்கும். எதிர்ப் படுக்கைக்காரர் ஒருநாள், "ஒங்கம்மா நல்லா கத சொல்லுதுப்பா, எங்களுக்கும் நேரம் போவுது" என்றார். எனக்கு முகம் சுட்டது.

ஒருநாள் லோஷன் ஜில்லென்று என் காதில் வழிந்தது. இன்னொரு முறை மூக்கில். புண்ணே இல்லாத முழங்காலில் மூன்று முறை தடவினார். ஏன் இப்படித் தடவுகிறார் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், கண்ணைத் திறந்துவிட்டேன். அத்தை என் பக்கம் குனிந்திருந்தார். அவருடைய கண்களும் இறுக்கி மூடியிருந்தன. புருவம் சுருங்க, உதடு மட்டும் கதை சொல்லிக்கொண்டிருக்க, கை என் மேல் தடவித் தடவி இடம் தேடிக்கொண்டிருந்தது. போர்வை, தலையணை, அவருடைய சேலை, எல்லாம் ரோஸ் நிறம்.

சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கண்ணை மூடியிருந்ததை நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. கஸ்தூரியிடம்கூட. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். செல்வி இப்போது நன்றாகப் படிக்கிறாள். இந்த இடத்தை மட்டும் அவள் பாட்டிக்குப் படித்துக் காட்டாமல் இருக்க வேண்டும்.

மருந்து வேலை செய்தது. மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. முத்துகள் காய்ந்து பொருக்காயின. ஆக்சிஜன் குழாயை எடுத்த அன்று சிஸ்டர் அத்தையின் தோளைத் தட்டி, "ஒங்க புள்ள பொழச்சிட்டாரு" என்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "ஆங்" என்றார். நானாகவே துடைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும் அன்றே அத்தை வார்டுக்குள் வருவதை நிறுத்திக்கொண்டார். வராந்தாவிலேயே இருந்தார். கஞ்சியை மட்டும் வேறு யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மஞ்சளும் வேப்பிலையும் போட்டுச் சுடவைத்திருந்தார். ஊற்றியது தாஸ். அத்தை கதவுக்குப் பின்னால் போய்விட்டார். "செல்வி, ஒங்கப்பாவ தலய நல்லா தொவட்டிக்கச் சொல்லு, குளுரு அடிக்குது" என்று குரல் மட்டும் வந்தது. நான் துண்டை எடுத்துத் துவட்டிக்கொண்டேன். தன்மேல் வரச் சொல்லி அவர் கேட்ட கோபம் அவரை ஒன்றும் செய்யவில்லை. வாசலில் கொஞ்சநாள் விளக்கு ஏற்றினார், அவ்வளவுதான்.

கஸ்தூரி தை கடைசியில் திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு, "அங்க யாருங்க ஒங்கள பாத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள். "சிஸ்டர்தான்" என்றேன். "அம்மாவும் அதேதான் சொல்லுது. சிஸ்டரே எல்லாம் பாத்துக்கிச்சி, நான் வெளியில குந்தினு இருந்தேன்னு" என்றாள். நாங்கள் கலந்து பேசாமலே இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தோம்.

பங்குனியில் பையன் பிறந்தான். வெயில் ஏற ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஸ்தூரி குழாயடிக்குப் போயிருந்தாள். செல்வி தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எங்களுக்கு நடுவில் செய்தி கொண்டுபோக, பேசவே தெரியாத அந்தப் பிள்ளைதான் இருந்தது.

அத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது அன்றைக்கு எப்படியோ வெளியே வந்துவிட்டது. சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"டேய் தம்பி, ஒம் பாட்டிகிட்ட சொல்லு. ஆஸ்பத்திரியில நான் தூங்கலன்னு சொல்லு."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. ஏன் சொன்னேன் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அப்புறம் அத்தையின் குரல் வந்தது, பிள்ளையிடம் பேசுகிற குரலில்.

"ஒங்கப்பாகிட்ட சொல்லுடா ராசா, எனக்குத் தெரியும்னு. தூங்கறவங்களுக்கு யாருனா ஒக்காந்து கத சொல்லுவாங்களா?"

நான் தலையைத் தூக்கவில்லை. கரண்டி மறுபடி கிளற ஆரம்பித்தது.

"கொயம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தணுமான்னும் கேளு" என்றார்.